லேசான துப்பாக்கி ஏன் பலமாக உதைக்கிறது?

அமெரிக்காவில் களிமண் தட்டு சுடும் மைதானம் ஒன்றில் ஒரு சனிக்கிழமை காலை பார்த்தது இது. நண்பர் ஒருவர் பதினான்கு வயது மகளை முதன்முதலாக அழைத்து வந்திருந்தார். அவள் கையில் கொடுத்தது 12 போர் பம்ப் துப்பாக்கி. கறுப்பு பிளாஸ்டிக் கட்டை போட்டது. "இருக்கிறதிலேயே இதுதாம்மா லேசு, உனக்குக் கை வலிக்காது" என்று பாசத்தோடுதான் கொடுத்தார். முதல் தோட்டா வெடித்ததும் அவள் இரண்டடி பின்னால் போனாள். இரண்டாவதற்குக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மூன்றாவதில், ட்ரிகரை இழுக்கும் முன்பே தோள் தானாகப் பின்வாங்கியது. ஐந்தாவது தோட்டா முடிந்ததும் துப்பாக்கியை மேசைமேல் வைத்தாள். அதன் பிறகு அந்த மைதானத்தில் நான் அவளைப் பார்க்கவில்லை.

சின்ன உடம்புக்கு லேசான துப்பாக்கி என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் துப்பாக்கி விஷயத்தில் கணக்கு தலைகீழ். எடை குறையக் குறைய உதை கூடும். கடையில் கையில் தூக்கிப் பார்க்கும்போது இனிக்கிற அந்த லேசு, சுடும்போது தோளில் வந்து இறங்கும். இது தெரியாமல் நல்ல துப்பாக்கியைக் குறை சொல்கிறவர்களும், நன்றாகச் சுடக்கூடிய கை இருந்தும் பயந்து விலகிப் போகிறவர்களும் நிறையப் பேர். பிளாஸ்டிக் கட்டைத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் உதையைப் பெருமளவு குறைக்கலாம். பெரிய செலவும் ஆகாது. எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் வைத்துக்கொள்வது என்று தெரிந்திருந்தால் போதும்.

முதலில், உதை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். பள்ளியில் படித்த உந்த அழியா விதிதான். 12 போர் தோட்டா ஒன்றில் 28 கிராம் ரவை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ரவையைத் தாங்கும் பிளாஸ்டிக் கிண்ணம் இரண்டரை கிராம், மருந்து ஒன்றே கால் கிராமுக்குச் சற்று மேல். ரவை ஏறக்குறைய நொடிக்கு 400 மீட்டர் வேகத்தில் முன்னால் போகிறது. மருந்து எரிந்த வாயுவும் பின்னாலேயே பீறிட்டு வருகிறது. முன்னால் போன இந்த உந்தத்துக்குச் சமமான உந்தம் பின்னால் வந்தே ஆக வேண்டும். துப்பாக்கி 3 கிலோ எடை என்றால், அது நொடிக்கு நாலே கால் மீட்டருக்கும் சற்று மேலான வேகத்தில் தோளை நோக்கி வரும். ஆற்றலாகச் சொன்னால் சுமார் 28 ஜூல். எண்ணாகச் சொன்னால் மனதில் பதியாது. 3 கிலோ அரிசிப் பையை ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் தரையைத் தொடும்போது என்ன வேகம் இருக்குமோ, அந்த வேகம். அந்தப் பை தோளில் விழுகிறது, ஒவ்வொரு தோட்டாவுக்கும். அரை நாள் பயிற்சியில் நூறு தோட்டா சுடுவது சாதாரணம்.

இதே தோட்டாவை 3.6 கிலோ துப்பாக்கியில் போட்டால் ஆற்றல் 23 ஜூலைச் சுற்றி நிற்கும். இரண்டரைக் கிலோ எடையுள்ள, ஒரே குழல் கொண்ட மடக்குத் துப்பாக்கியில் போட்டால் 34 ஜூல். விலை மலிவு, எடை லேசு என்று சிறுவர்களுக்கு முதல் துப்பாக்கியாக வாங்கித் தருவது பெரும்பாலும் இந்த ரகத்தைத்தான்.

லேசான துப்பாக்கி பலமாக உதைக்கும் என்பது நமக்கு முன்பிருந்தவர்களுக்கே தெரிந்ததுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் துப்பாக்கி செய்த டபிள்யூ. டபிள்யூ. கிரீனர் பெயரால் ஒரு கணக்கு வழங்கி வருகிறது: ரவையின் எடையைப்போல் 96 மடங்கு துப்பாக்கியின் எடை இருக்க வேண்டும். 28 கிராம் ரவைக்கு 2.7 கிலோ துப்பாக்கி. 36 கிராமுக்கு ஏறக்குறைய மூன்றரைக் கிலோ. தோள் தாங்கும் எல்லை அது என்று அனுபவத்தில் கண்ட அளவு. இன்றைய தோட்டாக்கள் அந்தக் காலத்தைவிட வேகமாகப் போவதால், இந்தக் கணக்கைக் குறைந்தபட்சம் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். 1988இல் மூன்றரை அங்குல நீளத் தோட்டாவும் அதற்கென்றே மாஸ்பெர்க் 835 துப்பாக்கியும் வந்தன. வான்கோழி வேட்டைக்காக அந்தத் தோட்டாவில் 57 கிராம் ரவைகூட அடைக்கிறார்கள். கிரீனர் கணக்குப்படி அதற்கு ஐந்தரைக் கிலோ துப்பாக்கி வேண்டும். கையில் இருப்பது மூன்றரைக் கிலோ. அதைச் சுட்டுவிட்டுத் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, பிளாஸ்டிக் கட்டை ஏன் லேசாக இருக்கிறது? பிளாஸ்டிக் லேசான பொருள் என்பதால் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் கட்டை வார்க்கும் நைலான் போன்ற பிளாஸ்டிக், வால்நட் மரத்தைவிட அடர்த்தியானது. வால்நட் தண்ணீரில் மிதக்கும், இந்தப் பிளாஸ்டிக் மூழ்கும். கட்டை லேசாக இருப்பதற்குக் காரணம் அது உள்ளே வெற்றாக இருப்பதுதான். பின்பக்க ரப்பரைக் கழற்றிப் பார்த்தால் தெரியும்: சுவர் மெல்லியது, நடுவில் ஒரு திருகாணி போகும் வழி, மற்றபடி குகைபோல வெற்றிடம். மழையில் நனைந்தாலும் உப்பாது, வெயிலில் வெடிக்காது, கீறல் விழுந்தாலும் மனம் வலிக்காது. 1950இல் வால்நட் கட்டையோடு வந்த ரெமிங்டன் 870 துப்பாக்கி பிற்காலத்தில் பிளாஸ்டிக் கட்டையோடும் விற்கத் தொடங்கியதற்கும், மாஸ்பெர்க் 500 அதே வழியில் போனதற்கும் இவையெல்லாம் நல்ல காரணங்கள். நான் அவற்றைக் குறை சொல்ல வரவில்லை. உள்ளே இருக்கும் அந்த வெற்றிடம்தான் பின்னால் நமக்குக் கைகொடுக்கப் போகிறது.

இன்னொன்றையும் புரிந்துகொள்ள வேண்டும். துப்பாக்கி தரும் உதை வேறு, தோள் உணரும் உதை வேறு. ரவை குழலுக்குள் இருக்கும் நேரம் ஒரு நொடியின் ஆயிரத்தில் மூன்று பங்கு அளவுதான். அதற்குள் துப்பாக்கி பின்னால் நகர்வது ஏழெட்டு மில்லிமீட்டர். அவ்வளவில் வெடியின் வேலை முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நடப்பதெல்லாம், வேகமாக வரும் ஒரு பொருளை உடம்பு எப்படி நிறுத்துகிறது என்பதே.

வீடு கட்டும் இடத்தில் செங்கல் கைமாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். கீழிருந்து வீசும் கல்லைச் சாரத்தில் நிற்பவர் விறைப்பாக நீட்டிய கையால் பிடிக்க மாட்டார். கல்லோடு சேர்ந்து கையும் ஒரு சாண் பின்னால் போகும். அதே கல், அதே வேகம், ஆனால் உள்ளங்கை கிழியாது. நிறுத்தும் தூரம் இரண்டு மடங்கானால் சராசரி விசை பாதியாகும். விழும் இடத்தின் பரப்பு கூடினால் ஒவ்வோர் அங்குலமும் தாங்கும் அழுத்தம் குறையும். உதை குறைக்கக் கடையில் விற்கும் பெரும்பாலான பொருட்கள் இந்த இரண்டில் ஒன்றைச் செய்கின்றன, இல்லையென்றால் துப்பாக்கியின் எடையைக் கூட்டுகின்றன.

இனி வைத்தியத்துக்கு வருவோம். முதலில் மாற்ற வேண்டியது தோட்டாவைத்தான், துப்பாக்கியை அல்ல. இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. ஏனென்றால் புதிதாக வருகிறவர்கள் கடைக்குப் போய் "நல்ல பவரானதாகக் கொடுங்கள்" என்றுதான் கேட்கிறார்கள். அதே 3 கிலோ துப்பாக்கியில் 36 கிராம் வேட்டைத் தோட்டா போட்டால் உதை 46 ஜூல் அளவுக்குப் போகும். 28 கிராம் என்றால் 28 ஜூல். 24 கிராம் என்றால் 22 ஜூல். 24 கிராமிலேயே வேகம் குறைந்த, நொடிக்கு 350 மீட்டர் அளவில் போகும் பயிற்சித் தோட்டாவானால் 16 ஜூல் சொச்சம். ஒரு திருகாணியைக்கூடத் தொடாமல் உதையில் நாற்பது விழுக்காடு போய்விட்டது.

24 கிராம் ரவை தட்டை உடைக்குமா என்ற சந்தேகம் வேண்டாம். ஒலிம்பிக் டிராப் போட்டியில் அனுமதிக்கப்படுவதே 24 கிராம்தான். புதுக்கோட்டையின் பிரித்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் போட்டியில் இறங்கியபோது அவரும் அந்த அளவில்தான் சுட்டார். தகுதிச் சுற்றில் 125 தட்டுகள், தட்டுக்கு இரண்டு தோட்டா வரை சுடலாம். உலகின் தேர்ந்த சுடுநர்கள் நொடிக்கு இருபத்தைந்து முப்பது மீட்டர் வேகத்தில் விலகிப் பறக்கும் தட்டை 24 கிராமால் உடைக்கிறார்கள் என்றால், பழகுகிறவருக்கு அதற்குமேல் எதற்கு? அவர்கள் கையில் இருக்கும் இரட்டைக்குழல் துப்பாக்கியின் எடை மூன்றரைக் கிலோவுக்கும் மேல் என்பதையும் கவனிக்க வேண்டும். சிறிய தோட்டா, கனத்த துப்பாக்கி. நாம் குழந்தைகளுக்குக் கொடுப்பது இதற்கு நேர் எதிரானது.

பம்ப் துப்பாக்கிக்கு இங்கே ஒரு சௌகரியம் உண்டு. வாயு அழுத்தத்தில் தானாக இயங்கும் துப்பாக்கிகள் சில, மெல்லிய தோட்டாவைப் போட்டால் அடுத்த தோட்டாவை ஏற்றாமல் பாதியில் நின்றுவிடும். பம்ப் துப்பாக்கியைக் கைதான் இயக்குகிறது. எவ்வளவு மெல்லிய தோட்டாவானாலும் அடுத்ததை ஏற்றும்.

20 போருக்கு, அதாவது 12 போரைவிடக் குறுகிய குழலுக்கு, மாறிவிடலாமே என்று கேட்பார்கள். அதே 24 கிராம் தோட்டாவை 2.7 கிலோ எடையுள்ள 20 போரில் சுட்டால் உதை 23, 24 ஜூல். 3.4 கிலோ 12 போரில் சுட்டால் 19 ஜூல். போர் சிறிதானால் உதையும் சிறிதாகும் என்று நம்பி வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும். இன்னும் சிறிய 21 கிராம் தோட்டாவும் கிடைத்தால் மட்டும் 20 போரை யோசிக்கலாம்.

அடுத்தது, பிடிக்கும் முறையும் கட்டையின் அளவும். காசே ஆகாத பகுதி என்பதாலோ என்னவோ, பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கையைத் துப்பாக்கி ஏந்துவதுபோல் உயர்த்தினால், காறை எலும்புக்குக் கீழே, மார்புக்கும் தோள் உருண்டைக்கும் நடுவில் ஒரு பள்ளம் விழும். கட்டையின் அடி அங்கேதான் முழுமையாகப் பதிய வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் கைச்சதையில் வைத்துவிடுகிறார்கள். மறுநாள் புஜத்தில் நீலம் பாய்ந்திருந்தால் காரணம் அதுதான், துப்பாக்கி அல்ல. பயத்தில் கட்டைக்கும் தோளுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி விடுவது இன்னும் மோசம். இடைவெளி இருந்தால் அந்த 3 கிலோ ஓடி வந்து குத்தும். இறுக்கி அணைத்திருந்தால் துப்பாக்கியோடு உடம்பின் எடையும் சேர்ந்துகொள்ளும், குத்து தள்ளலாக மாறும். எடை முன்காலில் இருக்கட்டும், மூக்கு முன்கால் விரல்களுக்கு நேராக வரும் அளவுக்குச் சற்றுக் குனிந்து நில்லுங்கள். பின்னால் சாய்ந்து நிற்பவரை எந்தத் துப்பாக்கியும் தள்ளும்.

கட்டை நீளமாக இருந்தால் சிறிய உடம்புக்காரர் பின்னால் சாய்ந்தே தீர வேண்டும். அமெரிக்கத் துப்பாக்கிகளில் ட்ரிகரிலிருந்து கட்டையின் அடிவரை பொதுவாக 14 அங்குலத்தை ஒட்டி இருக்கும். நடுத்தர உயர ஆண்களை மனதில் வைத்த அளவு அது. துப்பாக்கியைத் தோளில் சரியாக ஏற்றிக் கன்னத்தைப் பதித்தால், பின்கையின் கட்டைவிரலுக்கும் மூக்குக்கும் நடுவில் இரண்டு விரற்கடை இருக்க வேண்டும். கட்டை குறுகிப்போய் மூக்கில் கட்டைவிரல் இடிக்கிறது என்றால் அடியில் ஒரு தட்டை வைத்து நீட்டலாம். நீளம் என்றால் சிறுவர் அளவுக் கட்டை தனியாகக் கிடைக்கிறது, அதையே வாங்கிவிடுங்கள். மரக்கட்டையை அறுத்துக் குறைப்பதுபோல் பிளாஸ்டிக்கை அறுத்தால் உள்ளே வெற்றிடம்தான் வாய் பிளக்கும், ரப்பரைத் திருகப் பிடிமானம் இருக்காது.

கன்னத்தில் அடி விழுகிறது என்று சிலர் சொல்வார்கள். கட்டையின் மேல்முகடு தாழ்வாக இருந்தால் கன்னம் அழுந்தாது. தலையைத் தூக்கியபடி சுடுவோம், துள்ளிவரும் கட்டை கன்ன எலும்பில் அறையும். ஒட்டிக்கொள்ளும் நுரைப்பட்டை ஒன்றை முகட்டில் ஒட்டி உயர்த்தினால் தீர்ந்தது.

மூன்றாவதாக அடிரப்பர். மலிவான துப்பாக்கிகளில் அடியில் இருப்பது கறுப்பாக, ரப்பர்போலத் தோன்றும். கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அழுந்தவில்லை என்றால் அது அழகுக்கு வைத்தது. லிம்ப்சேவர், பாக்மேயர் டிசெலரேட்டர், கிக்-ஈஸ் போன்ற மென்ரப்பர்கள் ஓர் அங்குலத் தடிமன் வரை வருகின்றன. அழுத்தினால் குழைந்து மெதுவாக எழும். வாங்கும்போது உங்கள் துப்பாக்கி மாடலுக்கென்றே வார்த்ததைக் கேளுங்கள், திருகாணித் துளைகள் அப்படியே பொருந்தும். தேய்த்துப் பொருத்தும் ரகத்தை வாங்கி பிளாஸ்டிக் கட்டையில் அமர்த்துவது கைப்பழக்கம் இல்லாதவருக்குச் சிரமம்.

மாற்றுவது பத்து நிமிட வேலை. முதலில் துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை அறையிலும் தோட்டாக்குழாயிலும் விரலை விட்டே பாருங்கள். பழைய ரப்பரில் திருகாணித் தலை வெளியே தெரியாது. மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக ஊசி குத்தியதுபோல் இரண்டு துளை இருக்கும். ஸ்க்ரூடிரைவரின் தண்டில் பாத்திரம் கழுவும் சோப்பைத் தடவி அந்தத் துளைக்குள் மெதுவாக இறக்கினால், ரப்பர் கிழியாமல் வழிவிடும். தலை கிடைத்ததும் திருகிக் கழற்றலாம். புதிய ரப்பரையும் இதே சோப்புத் தந்திரத்தால் இறுக்கிவிட்டு ஈரத்துணியால் துடைத்தால் துளை இருந்த இடமே தெரியாது. கட்டைமேல் காலுறைபோல மாட்டும் ரப்பரும் உண்டு. சோதித்துப் பார்க்க நல்லது. ஆனால் அது நீளத்தைக் கூட்டும், தோளில் ஏற்றும்போது சட்டையில் மாட்டும்.

ரப்பர் கழன்று கிடக்கும் அந்த நேரத்தில்தான் உள்ளே இருக்கும் குகை கண்ணில் படும். கனத்த பையில் கால் கிலோவோ அரைக் கிலோவோ ஈயரவையை இறுகக் கட்டி, நுரைப்பஞ்சு சுற்றி அங்கே அடைக்கலாம். குலுக்கினால் சத்தம் வரக் கூடாது. கட்டையைத் துப்பாக்கியோடு பிணைக்கும் நீண்ட திருகாணியின் தலை அந்த வழியில்தான் இருக்கிறது. ஆகவே பிசின் ஊற்றி நிரந்தரமாக அடைத்துவிடாதீர்கள், பின்னாளில் கட்டையைக் கழற்றவே முடியாமல் போகும். ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ மறக்கக் கூடாது. 450 கிராம் கூட்டினால் 28 ஜூல் உதை 24, 25க்கு இறங்கும். தோட்டாவை மாற்றியதில் கிடைத்த அளவு லாபம் இதில் இல்லை என்பதால்தான் நான்காவதாக வைத்தேன்.

எடை முழுவதையும் பின்னால் அடைத்தால் முன்பக்கம் காற்றில் அலையும், பறக்கும் தட்டைச் சீராகத் தொடர முடியாது. பாதியை முன்னால் வைக்க வழி இருக்கிறது. அமெரிக்காவில் வலசைப் பறவை வேட்டைக்கு மூன்று தோட்டாவுக்குமேல் ஏற்ற முடியாதபடி, குழலுக்குக் கீழே உள்ள தோட்டாக்குழாயில் ஒரு மரக்குச்சியைச் செருகித் தருகிறார்கள். அதை எடுத்துவிட்டு அதே நீள அகலத்தில் எஃகு அல்லது பித்தளைத் தண்டு போட்டால், துப்பாக்கி இரண்டு கைக்கும் நடுவில் அமைதியாக உட்காரும். இந்தியாவில் உரிமம் பெற்ற துப்பாக்கி என்றால் இதையெல்லாம் வீட்டில் செய்யாமல், உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துச் செய்வதே முறை.

ஸ்பிரிங் வைத்த கட்டைகள், பெனெல்லியின் கம்ஃபோர்டெக் போல நடுவில் நெகிழும் பட்டைகள் பதித்த கட்டைகள், பெரெட்டாவின் கிக்-ஆஃப் எண்ணெய்த் தணிப்பான் ஆகியவை உண்மையாகவே வேலை செய்கின்றன. செங்கல் பிடிப்பவரின் கை செய்வதைத்தான் அவையும் செய்கின்றன. விலைதான் கனம். 1963இல் வந்த ரெமிங்டன் 1100 போன்ற வாயுவில் இயங்கும் துப்பாக்கிகளில் உதை சற்று நேரம் பரவி வருவதால் குத்து குறையும். புதிதாக வாங்குகிறவர் இவற்றைப் பார்க்கலாம். குழல் நுனியில் துளையிட்டு வாயுவை மேல்நோக்கி விடும் வேலைக்கு மட்டும் நான் பணம் செலவழிக்கச் சொல்ல மாட்டேன். ரவைத் துப்பாக்கியில் நுனிக்கு வரும்போது வாயு அழுத்தம் மிகவும் இறங்கியிருக்கும். குழல் துள்ளுவது சற்றுக் குறையலாம், தோளுக்குப் பெரிய நிம்மதி இல்லை. பக்கத்தில் நிற்பவர் காதுக்குச் சத்தம் கூடும்.

காது என்றதும் நினைவுக்கு வருகிறது. உதை என்று நாம் சொல்வதில் ஒரு பங்கு சத்தம். காதுக்குள் நுரை அடைப்பானும் மேலே மூடியும் இரண்டையும் போட்டுச் சுட்டால், அதே தோட்டா குறைவாக உதைத்ததுபோல் தோன்றும். பயந்து துள்ளும் பழக்கம் படிந்துவிட்டதா என்று பார்க்க, மருந்தில்லாத போலித் தோட்டா ஒன்றை நண்பர் உங்களுக்குத் தெரியாமல் கலந்து ஏற்றித் தரட்டும். வெடிக்காத அந்த ஒரு முறையில் குழல் நுனி எப்படிக் குதிக்கிறது என்பதை நீங்களே பார்ப்பீர்கள். அந்தத் துள்ளல் போகும்வரை தட்டை எண்ணிக் கணக்கு வைக்காமல், மெல்லிய தோட்டாவோடு மட்டும் பழகுவது நல்லது.

முதன்முறை சுடுகிறவரிடம் கொடுப்பதானால் எடைகூடிய துப்பாக்கி, 24 கிராம் பயிற்சித் தோட்டா, ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று ஏற்றுங்கள். பக்கத்தில் மெதுவாக விலகிப் போகும் தட்டாகப் போடச் சொல்லுங்கள். கை சோர்ந்தால் இறக்கி வைத்து மூச்சு வாங்கட்டும். கனத்த துப்பாக்கியைத் தூக்கி நிற்கும் சோர்வு ஐந்து நிமிட ஓய்வில் போய்விடும். பத்துத் தோட்டா போதும். "இன்னும் ஒண்ணு" என்று கேட்கும்போதே நிறுத்தி, அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.